ஜாதவ்பூரிலிருந்து ஒரு பிரெட் கேள்வி





இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் நாலு வரியில் பதில் போட முடியவில்லை. அதற்காக இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் கொல்கத்தாவில், ஜாதவ்பூரில் குடியிருக்கும் வாசகி. கணவரின் வேலை நிமித்தம் தமிழ்நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. வீட்டிலேயே பிரெட் சுடக் கற்றுக்கொண்டிருக்கிறார். சுடுவதில் ஒரு குறையும் இல்லை. சுட்ட அன்று மாடிப்படி வரை மணக்கிறது. பிள்ளைகள் ஆறக்கூட விடாமல் ஆளுக்கு இரண்டு துண்டு தின்றுவிடுகிறார்கள். மறுநாள்தான் தொல்லை ஆரம்பம். மழைக்காலத்தில் வெளியே வைத்தால் இரண்டாம் நாள் சாயங்காலமே ஓரத்தில் பச்சைப் புள்ளி. ஃபிரிட்ஜில் வைத்தால் பூசணம் வருவதில்லை. ஆனால், "ஏம்மா, நேத்து மெத்துனு இருந்துச்சே, இன்னிக்குப் பல்லே ஏற மாட்டேங்குதே" என்கிறாராம் மாமியார். "கடை பிரெட் ஒரு வாரம் கெடாமல் இருக்கிறதே, அது எப்படி? நான் என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கேள்வி சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் நம் பாட்டிமார்களிடம் இதற்குப் பதில் கிடையாது. வற்றல், வடகம், மாவடு, புளி, அரிசி என்று எதைக் கேட்டாலும் பக்குவம் சொன்னவர்கள் பிரெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் காலத்தில் அது காய்ச்சல்காரர்களுக்கு உரியது. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, ஒரு பிரெட் பாக்கெட். பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் அந்த பாக்கெட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதற்கு விலக்கு. அவர்களுக்குப் பாண் அன்றாடச் சாப்பாடு. பாணும் சம்பலும் இருந்தால் ஒரு வேளை முடிந்தது. ஆனால் போறணையிலிருந்து (பேக்கரி அடுப்பு) அன்றன்றைக்கு வாங்கிவிடுவதால் அவர்களுக்கும் சேமிக்கும் கவலை அவ்வளவு இல்லை. இலங்கையில் வீதி வீதியாகப் பாண் கொண்டுவரும் ஆட்டோக்கள் பீத்தோவனின் 'ஃபர் எலீஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். அந்த மெட்டைக் கேட்டாலே பசிக்கிற ஜனங்கள் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

நம் வாசகி இருக்கும் ஊரோ இந்தியாவிலேயே பிரெட்டோடு நெடுநாள் பழகிய ஊர்களில் ஒன்று. பேக்கரி நடத்திவந்த டேவிட் வில்சன் என்ற வெள்ளைக்காரர் 1840-களின் தொடக்கத்தில் அங்கே ஆக்லண்ட் ஹோட்டலைத் திறந்தார். பின்னால் கிரேட் ஈஸ்டர்ன் என்று பெயர் பெற்றது அதுதான். அதன் பேக்கரி ரொட்டிக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. அதே பத்தாண்டில் வங்க எழுத்தாளர் ராஜ்நாராயண் பாசு பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்தபோது, சாதிக்கட்டை விட்டதற்கு அடையாளமாக பிஸ்கட்டும் ஷெர்ரியும் சாப்பிட்டதைத் தம் சுயசரிதையில் எழுதிவைத்தார். அந்நியர் கையால் பிசைந்து சுட்டதைத் தின்பது அன்றைய ஆசார வீடுகளில் அத்தனை பெரிய காரியம். 1892-இல் 295 ரூபாய் முதலோடு பிரிட்டானியா கம்பெனி பிறந்ததும் கொல்கத்தாவில்தான். 1902-இல் பாக்தாத் யூதர் ஒருவர் தொடங்கிய நஹூம்ஸ் இன்றும் நியூ மார்க்கெட்டில் இருக்கிறது. பார்க் ஸ்ட்ரீட்டின் ஃப்ளூரிஸ் 1927-ஐச் சேர்ந்தது.

பெரிய பெயர்களை விடுங்கள். எனக்குப் பிடித்தது அங்கத்திய டீக்கடைப் பிரெட்தான். கொல்கத்தாக்காரர்கள் இன்னமும் பவுண்டுக் கணக்கில் பேசுவார்கள்: கால் பவுண்டு, அரை பவுண்டு. கால் பவுண்டு ரொட்டி உள்ளங்கையில் அடங்கும். அதைப் பிளந்து கரி அடுப்பில் வாட்டி, வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரையோ மிளகுத்தூளோ தூவிக் கொடுப்பார்கள். பக்கத்தில் பட்டாணி குக்னி இருந்தால் காலைச் சாப்பாடு ஆயிற்று. ஜாதவ்பூர் 8பி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பஸ் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும் நடுவில், இந்தக் காட்சி இல்லாத காலை உண்டா? அதே கடையில் கண்ணாடி ஜாடிக்குள் லேரோ பிஸ்கட் அடுக்கியிருக்கும். கல் போன்றது. டீயில் முக்காமல் கடிக்கிறவர்கள் தைரியசாலிகள்.

இந்த இரண்டையும் பார்த்தாலே வாசகியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. ஈரப்பதம் நிறைந்த ஊரில் பிரெட்டை ஒன்று, அன்றே தின்று தீர்க்கிற அளவுக்குச் சின்னதாகச் சுடவேண்டும். இல்லையென்றால் துளி ஈரமில்லாமல் உலர்த்திவிடவேண்டும். கொல்கத்தாவின் டீக்கடைகள் இந்த இரண்டு வழியையும் வெகுகாலமாகக் கைக்கொண்டு வருகின்றன. இடைப்பட்ட நிலை, அதாவது மெத்தென்றும் இருக்கவேண்டும், நாலு நாள் கெடவும் கூடாது என்பதுதான் வீட்டுக்காரர்களின் ஆசை. அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பிரெட் விறைப்பது வேறு, கெடுவது வேறு. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. போதாததற்கு, ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம். வாசகி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

விறைப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஈரம் வற்றிப்போவதால்தான் பழைய பிரெட் கெட்டியாகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். இல்லை என்று 1852-லேயே பூசாங்கோ என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் காட்டிவிட்டார். ஈரம் வெளியேறாதபடி மூடிவைத்த ரொட்டியும் விறைக்கத்தான் செய்தது. விறைத்ததை 70 டிகிரி வரை சூடாக்கினார். சூட்டில் அது இன்னும் கொஞ்சம் ஈரத்தை இழந்தது. ஆனாலும் மறுபடி இளகிவிட்டது. ஈரம் குறைந்தும் மெத்தென்று ஆகிறதென்றால் குற்றவாளி வேறு யாரோ.

அந்தக் குற்றவாளி மாவுச்சத்து. ஓவன் சூட்டில் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை இழுத்து உப்புகின்றன; அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் கட்டவிழ்ந்து தாறுமாறாகப் பரவுகின்றன. அந்த நிலைதான் நமக்கு மெத்தென்று தெரிகிறது. ஆறிய பிறகு அந்தச் சங்கிலிகள் மெல்ல மெல்லத் திரும்பவும் ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையில் நின்று படிகமாகின்றன. மெத்தென்று இருந்தது விறைக்கிறது. நேற்றைய சாதத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பருக்கை பருக்கையாக விறைத்து நிற்பதும், இட்லி உதிர்ந்துபோவதும், ஆவி காட்டியதும் அவை இளகுவதும் இதே வேலைதான். தமிழ் வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிரெட்டிலும் அதுதான் நடக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

இந்தப் படிகங்கள் மிக வேகமாகச் சேருவது உறைநிலைக்குச் சற்று மேலே, நம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும் 4 டிகிரியை ஒட்டிய குளிரில். மேஜை மேல் இரண்டு மூன்று நாளில் விறைப்பது ஃபிரிட்ஜில் ஒரே ராத்திரியில் விறைத்துவிடும். மாமியாரின் பல் சொன்னது சரிதான். ஆனால் இன்னும் கீழே, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசருக்குப் போய்விட்டால் தண்ணீரே உறைந்துவிடுகிறது. சங்கிலிகள் அசைய வழியில்லாமல் இந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆக, பிரெட்டுக்கு வெளியே இடம் உண்டு, ஃப்ரீசரில் இடம் உண்டு. நடுவில் இருக்கும் ஃபிரிட்ஜில் இடமில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். ஜாதவ்பூரில் ராஜா எஸ்.சி. மல்லிக் சாலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே சாலையில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமும் இருக்கிறது. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய கழகம். அது பவ்பஜார் தெருவில் இருந்த காலத்தில், அரசாங்க நிதித்துறை உத்தியோகஸ்தராகக் கல்கத்தாவுக்கு வந்த நம் சி.வி. ராமன் அங்கே வந்து சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது அந்தப் பழைய கட்டடத்தில்தான், கே.எஸ். கிருஷ்ணன் கூட இருந்தார். கழகம் ஜாதவ்பூருக்கு இடம் மாறியது பிற்பாடு. இதற்கும் பிரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியின் நிற மாற்றத்தை வைத்து அதன் மூலக்கூறுகள் எப்படி இருக்கின்றன என்று அறிவது ராமன் நிறமாலை முறை. 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் அந்த முறையைக் கொண்டே, ஆறும் மாவுச்சத்தில் சங்கிலிகள் வரிசைக்குத் திரும்பும் வேகத்தைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாமியார் பல்லால் கண்டுபிடித்ததை அவர்கள் லேசர் கொண்டு அளந்தார்கள். நம் வாசகி காய்கறி வாங்கப் போகும் வழியில் அந்தக் கழகத்தின் வாசலைக் கடப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள் அம்மா.

இனி பூசணம். ஓவனுக்குள் ரொட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய 95 டிகிரிக்கு மேல் போகிறது. பூஞ்சை வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்காது. வெந்து வெளியே வரும் பிரெட்டில் பூசணம் கிடையாது என்று அர்த்தம். பின்னே எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்து. காற்றிலிருந்து, கத்தியிலிருந்து, வெட்டுப்பலகையிலிருந்து, போன வாரத்து ரொட்டியின் தூள் ஒட்டியிருக்கும் டப்பாவிலிருந்து. கறுப்பாகப் படர்வது ரைசோபஸ். பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக வருவது பெரும்பாலும் பெனிசிலியம். இரண்டுக்கும் வேண்டியது ஈரமும் வெதுவெதுப்பும். ஆஷாட, சிராவண மாதங்களில் கொல்கத்தாவின் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிக் கிடக்கும். சுவரே வியர்க்கும் ஊரில் பிரெட்டை பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைத்தால் பூசணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி. கட்டாமல் திறந்து வைத்தால் காய்கிறது. இந்த ஊர்த் தொல்லை சென்னைக்கும் பொருந்தும். கோவை, ஓசூர்ப் பக்கம் இவ்வளவு இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. வாசகி எழுதவில்லை, ஆனால் கோதுமை மாவில் பிரெட் சுடுகிறவர்கள் என்றைக்காவது சந்திப்பார்கள். வெளியே பார்த்தால் ரொட்டி நன்றாகத்தான் இருக்கும். நறுக்கினால் நடுவில் பிசுபிசுப்பு, கனிந்து அழுகிய பழத்தின் வாடை. இரண்டாகப் பிய்த்தால் நூல் விடும். ஊசிப்போன வடை நூல் விடுமே, அதேதான். இது பூஞ்சை வேலை அல்ல. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. மண்ணிலிருந்து தானியத்தோடு மாவுக்குள் வருகிறது. இதன் வித்துகள் ஓவன் சூட்டையும் தாங்கி உயிரோடு இருக்கும். ரொட்டி சரியாக ஆறாமல், வெயில் காலத்து வெப்பத்தில் இருந்தால் உள்ளேயே பெருகும். மைதாவைவிட முழுக்கோதுமை மாவில் இதன் தொல்லை அதிகம். தவிட்டோடு வித்துகளும் கூட வருகின்றன அல்லவா. இதற்கு மருந்து புளிப்பு. அரைக் கிலோ மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்துப் பிசைந்தால் போதும். சுட்ட பிறகு புளிப்பு நாக்குக்குத் தெரியாது, பாக்டீரியாவுக்குத் தெரியும். மாவைக் குறைந்த ஈஸ்டில் இரவு முழுக்கப் புளிக்க வைத்துச் சுடுவதும் கொஞ்சம் இதே பலனைத் தரும். புளித்த மாவின் அருமையை இட்லி தின்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"கடை பிரெட் ஒரு வாரம் இருக்கிறதே" என்ற கேள்விக்கு வருகிறேன். பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 282 என்ற எண்ணோ கால்சியம் புரோப்பியனேட் என்ற பெயரோ இருக்கும். அதுதான் பூசணத்தைத் தள்ளிப்போடுகிறது. நூல் விடும் பாக்டீரியாவையும் அடக்குகிறது. விறைப்பைத் தள்ளிப்போட எமல்சிஃபையர்களும் என்சைம்களும் தனியே உண்டு. நன்றாக ஆறிய ரொட்டியை இயந்திரம் நறுக்கி உடனே உறைபோட்டுவிடுகிறது. நம் கத்தியும் பலகையும் தரும் பூசணம் அங்கே குறைவு. இதைப் படித்துவிட்டுப் பயப்படவேண்டாம். புரோப்பியோனிக் அமிலம் சுவிஸ் சீஸில் தானாகவே உண்டாகிற பொருள்தான். அளவோடு சேர்க்க இந்தியாவில் அனுமதியும் இருக்கிறது. ஜனங்கள் பயந்தது வேறொன்றுக்கு. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் 38 மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாகச் சொன்னது. புரோமேட் கெடாமல் காக்கும் பொருளே அல்ல. மாவை உப்பவைத்து வலுவாக்கச் சேர்ப்பது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுவது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்துவிட்டது. பலர் வீட்டில் பிரெட் சுட ஆரம்பித்ததற்கு அந்தச் செய்தி ஒரு காரணம். 2020 ஊரடங்கு இன்னொரு காரணம்.

சரி, என்ன செய்வது?

முதல் வேலை, சின்னதாகச் சுடுவது. அரைக் கிலோ மாவில் ஒரு பெரிய ரொட்டிக்குப் பதில், முந்நூறு கிராமில் ஒன்று. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒன்றரை நாளில் தீரும். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் காட்டும் பெரிய ரொட்டிகள் அவர்கள் ஊர்க் குளிருக்கும் வறண்ட காற்றுக்கும் ஏற்பட்டவை. ஜாதவ்பூரின் ஜூலை மாதத்துக்குக் கால் பவுண்டுக் கணக்குதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது ஆறவைப்பது. இதில்தான் பலரும் அவசரப்படுகிறோம். வெளியே ஆறினாற்போல் இருக்கும் ரொட்டியின் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். அதை மூடிவைத்தால் உள்ளே நீர்முத்து கோக்கும். பூசணத்துக்கு அழைப்பு அனுப்பியாயிற்று. அச்சிலிருந்து உடனே எடுத்து, அடியிலும் காற்றுப் போகும்படி கம்பித்தட்டில் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போர்த்தலாம். அதற்குள் பிள்ளைகள் பிய்த்துத் தின்றுவிட்டால் அது வேறு விஷயம்; தின்றது கெடாது.

முதல் நாளுக்கு ஆகும் பாகத்தை மொத்தமாக நறுக்காமல் வைப்பது நல்லது. வேண்டியதை மட்டும் நறுக்கி, வெட்டிய பக்கம் பலகையில் படும்படி குப்புறக் கவிழ்த்து, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், மூடியை இறுக்கவேண்டாம். அந்த டப்பாவை ஒவ்வொரு ரொட்டிக்கும் நடுவில் கழுவி, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, வெயில் இருந்தால் வெயிலில் காயவையுங்கள். துணியையும் அப்படியே. பச்சைப் புள்ளி தொடர்ந்து வருகிற வீடுகளில் தப்பு பெரும்பாலும் ரொட்டியில் இருக்காது, டப்பாவில் இருக்கும்.

மீதியை அன்றைக்கே, நன்றாக ஆறியபின், நறுக்கி ஃப்ரீசரில் போடுங்கள். மூன்றாம் நாள் விறைத்தபிறகு போட்டால் விறைத்ததுதான் உறையும். ஃப்ரீசர் இருக்கிறதை இருக்கிறபடி நிறுத்திவைக்குமே தவிர, பழசைப் புதுசாக்காது. ஒவ்வொரு துண்டும் ஒட்டாமல் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கமான பையில் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் தின்றுவிடுவது நலம். அதற்கு மேல் ஃப்ரீசர் வாடை ஏறும். எடுக்கும்போது வெளியே வைத்து இளகவிட வேண்டியதே இல்லை. உறைந்த துண்டை நேராக தோசைக்கல்லில் போட்டு, சிறு தீயில் மூடி போட்டு இரண்டு பக்கமும் வாட்டினால், சங்கிலிகள் மறுபடி கட்டவிழ்ந்து ஏறக்குறைய சுட்ட அன்றைய பதம் வந்துவிடும். பூசாங்கோ சொன்ன 70 டிகிரி வித்தை இதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: சூடாக்கி இளகவைத்த பிரெட் ஆறினால் முன்னைவிட வேகமாக விறைக்கும். வேண்டியதை மட்டும் வாட்டி, உடனே தின்னுங்கள். மின்சாரம் அடிக்கடி நெடுநேரம் போகிற இடமானால் ஃப்ரீசரை நம்பவேண்டாம். உருகி உறைந்து உருகினால் பிரெட் நைந்துபோகும்.

மாவிலேயே செய்யக்கூடியதும் உண்டு. வெறும் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட ரொட்டி சீக்கிரம் விறைக்கும். கொஞ்சம் வெண்ணெயோ எண்ணெயோ, கொஞ்சம் சர்க்கரை, தண்ணீருக்குப் பதில் பால் சேர்த்தால் மெத்தென்ற பதம் ஒரு நாள் கூடுதலாக நிற்கும். ஜப்பானிலும் தைவானிலும் கையாளும் வழி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. முந்நூறு கிராம் மாவில் இருபது கிராமைத் தனியே எடுத்து, நூறு மில்லி தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கூழ் பதத்துக்குக் கிளறி ஆறவிடுங்கள். மீதி மாவை இந்தக் கூழோடு சேர்த்துப் பிசையுங்கள். பிசையும் தண்ணீரை மட்டும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்பே வெந்த மாவு நிறைய ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கும் இதே வேலையைச் செய்யும். பிரியாணியிலேயே உருளைக்கிழங்கு போடும் ஊரில் பிரெட்டில் போட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் விளைந்தது. நூல் விடும் பாக்டீரியாவுக்கு அது பிறந்த வீடு. நன்றாகக் கழுவி, வேகவைத்துத் தோலுரித்து, வினிகரையும் மறக்காமல் சேருங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பூசணம் பூத்துவிட்டதா? முழுவதையும் தூக்கிப் போடுங்கள். இதில் மட்டும் நான் கறார். "ஓரத்தைக் கிள்ளிப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடலாமே, எதுக்கு வீணாக்கணும்" என்று எல்லா வீட்டிலும் ஒரு குரல் எழும். பிரெட் மெத்தென்ற பண்டம். கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்கு அடியில் பூஞ்சையின் இழைகள் எங்கெங்கோ ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு தோசைக்கல் சூட்டில் அழியாது. முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம். வித்து மூக்குக்குள் போகும். ஒரு ரொட்டியின் மாவு விலையைவிட மருத்துவர் கட்டணம் எப்போதும் அதிகம்.

கெடாமல் விறைத்துப்போனது மட்டும் என்றால் கதையே வேறு. அது வீணல்ல, இன்னொரு பலகாரத்துக்கு மூலப்பொருள். புது பிரெட்டில் பிரெட் உப்புமா செய்தால் களியாகிவிடும். நேற்றையது உதிர உதிர வரும். முட்டை டோஸ்டும் அப்படித்தான். நம் பக்கத்துப் பிரியாணி விருந்துகளில் கூட வரும் பிரெட் அல்வாவுக்குப் பழைய ரொட்டியை நெய்யில் பொரித்தால் பாலை நன்றாக இழுக்கும். மிச்ச ஓரங்களை ஓவனின் மெல்லிய சூட்டில் முறுமுறுவென்று உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டால், கொல்கத்தாவில் அதற்கு வேலைக்கா பஞ்சம்? மீன் ஃப்ரை, சாப், கட்லெட் எல்லாவற்றுக்கும் மேலே புரட்ட இந்தத் தூள்தான். நம் நீலகிரியின் ஊட்டி வர்க்கி நாள்கணக்கில் நிற்பதும் ஈரம் இல்லாததால்தான். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஜாதவ்பூர் வாசகிக்கு ஒன்று: இந்த அளவு கவலை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் வேண்டும். டிசம்பர் பிறந்துவிட்டால் உங்கள் ஊர்க் காற்று வறண்டு குளிர்ந்துவிடும். அப்போது துணியில் சுற்றிய ரொட்டி மேஜை மேலேயே நாலு நாள் நிற்கும். புதுப் பேரீச்சை வெல்லமும் அப்போதுதான் கடைக்கு வரும். அந்தப் பாகில் தொட்டுத் தின்ன வீட்டு பிரெட்டைவிட ஏற்றது கிடையாது. உங்கள் மாமியாரிடம் சொல்லிவையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேக் மார்க்கெட் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம் கொல்கத்தாத் தமிழர்களும், யாழ்ப்பாணம், கொழும்பு, கனடா என்று பாண் தின்று வளர்ந்த வாசகர்களும், உங்கள் வீட்டில் பிரெட்டை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள், பழசானதை என்ன செய்கிறீர்கள் என்று எழுதியனுப்புங்கள். நான் மேலே சொன்னதில் எதையாவது உங்கள் அனுபவம் மறுக்கிறதென்றால் அதை முதலில் எழுதுங்கள். செய்துபார்த்துவிட்டு, சரியாக வருவதை அடுத்த இதழில் போடுகிறோம். ஊரின் பெயரையும் எந்த மாதத்தில் செய்தீர்கள் என்பதையும் குறிப்பிட மறக்கவேண்டாம். இந்த விஷயத்தில் அளவுக் கரண்டியைவிட அதுதான் முக்கியம்.

அன்புடன்,
ஆசிரியர்